அக்கரைப் பிள்ளைகள்

உம் தலீஹா என்ற ஊரில் பள்ளிக்கூடத்தை வருஷா வருஷம் கட்ட வேண்டும். கம்பந்தட்டையை வரிந்து கட்டிய சுவர், மேலே புல் கூரை. கோடையில் கரையான் அடியை அரிக்கும், ஆடுகள் நடுவைத் தின்னும், கூரையைக் காற்று கொண்டுபோகும். படிப்பு தொடங்குவதற்கு முன்னால் ஊர் ஆண்கள் கூடி மறுபடியும் கட்டுவார்கள். அந்த வருஷம் மட்டும் ஜூன் பிறந்தவுடனேயே வேலை முடிந்துவிட்டது. வாத்தியார்களுக்குப் பாடம் சொல்ல வெளிநாட்டிலிருந்து வாத்தியார்கள் வருகிறார்கள் என்று கல்வி அலுவலகத்திலிருந்து சேதி வந்திருந்தது.

மூன்று பேர் வருவதாகப் பேச்சு. ஜீப்பிலிருந்து இறங்கியவள் ஒருத்திதான். நோரா என்று பெயர். அயர்லாந்தில் முப்பத்தாறு வருஷம் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி ஓய்வு பெற்றவள். சம்பளம் எதுவும் வாங்காமல் தன் விருப்பத்தின் பேரில் இந்த வேலைக்கு வந்திருந்தாள். அவள் பேசுவதை அரபியில் எடுத்துச் சொல்ல தலைநகர் கார்தூமிலிருந்து வலீத் என்ற பட்டதாரி இளைஞன் கூட வந்தான். சுற்றுப்பட்டு ஒன்பது ஊர்களிலிருந்து இருபத்துமூன்று ஆசிரியர்கள் கழுதையிலும் லாரியிலும் வந்து சேர்ந்தார்கள். மூன்று வாரம் பள்ளிக்கூடத்திலேயே படுக்கை.

அத்தனை பேருக்கும் களி கிண்டியது மஹாசின். தலைமையாசிரியர் தெய்யிபின் மனைவி. பொழுது விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டி, கம்பு மாவைக் கொதிநீரில் கொட்டி, இரண்டு கையாலும் துடுப்பைப் பிடித்துக் கிண்டுவாள். உலர்ந்த வெண்டைக்காயைப் பொடித்துப் போட்ட குழம்பு. அதை இறக்கி வைத்துவிட்டு, கை கழுவி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஓடிப்போய் வகுப்பில் மற்றவர்களோடு பாயில் உட்காருவாள். அவளும் ஆசிரியைதான், பிள்ளைகளுக்கு உஸ்தாசா. எட்டாவது வரை படித்தவள். பன்னிரண்டு வருஷமாக முதல் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் அவள் கையில். ஆனால் ஊர் வைத்த ஆசிரியை என்பதால் அலுவலகப் பதிவேட்டில் அவள் பெயர் கிடையாது. இந்த மூன்று வாரப் பயிற்சியை முடித்து, கடைசியில் ஒரு பாடம் நடத்திக் காட்டிச் சான்றிதழ் வாங்கிவிட்டால் பெயரை ஏற்றிக்கொள்வதாக ஆய்வாளர் பாபிகர் சொல்லியிருந்தார்.

நோரா முதல் நாளே பிரம்பைக் கீழே போடச் சொன்னாள். பக்கத்து ஊர் ஹம்தூன் வாத்தியாருக்கு அறுபது வயது. அவர் வலீத்தைக் கூப்பிட்டார்.

"தம்பி, அந்தம்மாகிட்ட ஒன்னு கேளு. பிரம்பக் கீழ போட்டுட்டு அந்தக் கைய எங்க வச்சிக்கிறது? முப்பது வருஷமா வேற சோலி பாத்ததில்ல அது."

நோரா சிரித்தாள். அந்தக் கையில் ஒரு கேள்வியை வைத்துக்கொள்ளச் சொன்னாளாம். 'கேள், கேள்' என்பதுதான் அவள் பாடம். பிள்ளைகளைக் கூடச் சேர்ந்து கத்த வைக்காதே, கேள். பதிலை நீயே சொல்லிவிடாதே, கேள். மூன்று வாரத்தில் அந்த ஓர் ஆங்கிலச் சொல் எல்லோருக்கும் மனப்பாடமாகிவிட்டது. மஹாசின் களி கிண்டும்போதுகூட அதை முணுமுணுத்துக்கொண்டிருப்பாள்.

இரண்டாம் வாரக் கடைசியில் நோரா சொன்னாள், நாம் ஒருவருக்கொருவர் பிள்ளை வேஷம் போட்டது போதும், உண்மையான பிள்ளைகள் வேண்டும் என்று. கொஞ்சப் பேர் போதும். தினம் ஒரு மணி நேரம்.

அது விடுமுறைக்காலம். முதல் மழை விழுந்து ஆறு நாள்தான் ஆகியிருந்தது. நிலம் ஈரமாக இருக்கும்போதே விதைத்தாக வேண்டும். கைக்குழந்தை தவிர மற்ற எல்லாம் காட்டில் இருந்தன. இந்தப் பக்கத்தில் எட்டுப் பிள்ளைகளை எப்படியோ தெய்யிப் பிடித்துக் கொடுத்தார். அது காணாது என்று மஹாசின் ஓடையைத் தாண்டி அக்கரைக்குப் போனாள். ஓடை என்றால் வருஷத்தில் பத்து மாதம் வெறும் மணல். அக்கரையில் பதினைந்து குடிசைகள். அங்கிருந்து பள்ளிக்கூடம் வரும் பிள்ளைகளில் கெட்டிக்காரி, கல்தூமாவின் மகள் சித்தனா. பத்து வயது.

கல்தூமா காட்டில் குழி போட்டுக்கொண்டிருந்தாள். புருஷன் வடக்கே தங்கச் சுரங்கத்துக்குப் போய் இரண்டு வருஷம். நீளக் கைப்பிடி போட்ட கொத்தால் நின்ற வாக்கில் ஒரு குத்து, ஒரு எட்டு, மறுபடி ஒரு குத்து. பின்னாலேயே சித்தனா சுரைக்குடுக்கையிலிருந்து விதையைப் போட்டுக் காலால் மண்ணைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"விதைக்கிற நாள்ல எந்தப் பள்ளிக்கூடம் தெறந்திருக்கு?" கல்தூமா நிமிரவில்லை.

"பிள்ளைகளுக்கில்லக்கா. எங்களுக்குத்தான் பள்ளிக்கூடம்."

"ஒங்களுக்குன்னா நீங்க போங்க. எம் புள்ள என்னத்துக்கு?"

"பிள்ளை இல்லாம எப்படிக்கா பாடம் நடத்திக் காட்டுறது? மூணே நாளு. ஒரு மணி நேரம்."

"நீ ஒரு மணிம்ப. போக வர ஒரு மணி. அந்த வெள்ளக்காரியப் பாத்த வாய மூடாம அவ நிக்கிறது ஒரு மணி. அதுக்குள்ள வெயிலு ஏறிரும்." ஒரு குத்துக் குத்தினாள். "வேற புள்ளயப் பாரு தாயி."

மஹாசின் அன்றைக்குத் திரும்பிவிட்டாள். மறுநாள் போனாள். அதற்கு மறுநாளும் போனாள். மூன்றாம் தடவை, தானே குடுக்கையை வாங்கி நாலு சால் விதை போட்டுவிட்டுப் பேச்செடுத்தாள்.

"எம் பேரு பதிவேட்டுல ஏறணும்னா பாடம் நல்லா அமையணும்க்கா. ஒம்மக இருந்தாத்தான் அமையும். மத்ததுகள் கேள்வி கேட்டா மண்ணப் பாக்குதுக."

கல்தூமா கொத்தை ஊன்றிக்கொண்டு நின்றாள். சித்தனா தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மானம் கறுத்து ஓடை வந்துச்சுன்னா?"

"நானே கூட்டிட்டுப் போறேன், நானே கொண்டாந்து விடுறேன். கையப் பிடிச்சு ஒங்க வேலிக்குள்ள விடுறேன். போதுமாக்கா?"

"இவ பெரியம்மா மக ரெண்டும் சின்னஞ்சிறுசு. அதுகளும் கூடப் போறேன்னு அழும்."

"மூணையும் விடுறேன்."

கல்தூமா மகளைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். அந்தப் பிள்ளை குடுக்கையை மஹாசின் கையிலேயே விட்டுவிட்டு முகம் கழுவ ஓடியது.

முதல் நாளும் இரண்டாம் நாளும் சொன்னபடியே மஹாசின் கூட்டிப் போனாள், கூட்டி வந்து விட்டாள். மூன்றாம் நாள் அவளுடைய பாடம். ஆய்வாளர் பாபிகர் வந்து பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தண்ணீர்க் கணக்கை எடுத்துக்கொண்டாள். தொடங்கும்போது நடுங்கிய குரல் பிறகு நிலைப்பட்டுவிட்டது. பன்னிரண்டு வருஷத்தில் அப்படி ஒரு பாடம் அவள் நடத்தியதில்லை. முடிந்தபோது ஆய்வாளரே கை தட்டினார்.

பாடம் முடிந்தால் ஆசிரியர்கள் வட்டமாக உட்கார்ந்து, நடத்தியவரைப் பற்றி ஆளுக்கு ஒன்று சொல்ல வேண்டும் என்பது நோராவின் வழக்கம். ஹம்தூன் வாத்தியார் தொடங்கினார். வாசலில் சித்தனா வந்து நின்றாள், இரண்டு சின்னதுகளையும் கையில் பிடித்துக்கொண்டு.

"உஸ்தாசா, போவமா?"

மஹாசின் வெளியே எட்டிப் பார்த்தாள். வானம் வெளுத்துக் கிடந்தது. மேற்கே வெகுதூரத்தில் குன்றுகளுக்குப் பின்னால் மட்டும் ஒரு கறுப்பு. உள்ளே ஹம்தூன் சொல்லிக்கொண்டிருந்தார், "நா முப்பது வருஷமாப் பாடம் நடத்தல, பயங்காட்டிக்கிட்டு இருந்திருக்கேன், இன்னிக்குத்தான் தெரிஞ்சுச்சு." எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"நீங்க மெதுவா முன்னால போங்கம்மா. நா பின்னாலயே வாரேன்."

சித்தனா சரியென்று நடந்தாள்.

கால் மணி நேரம் இருக்கும். இருபத்துமூன்று பேரில் பதினோராவது ஆள் பேசும்போது அந்தச் சத்தம் கேட்டது. லாரிகள் வரிசையாக வருவது மாதிரி. பேச்சு நின்றது. "ஓடை," என்று தெய்யிப் எழுந்தார். மஹாசின் அதற்குள் வெளியே ஓடிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் எல்லோரும் ஓடினார்கள்.

குன்றில் பெய்த மழை மரத்தையும் முள்ளையும் புரட்டிக்கொண்டு மண்நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. சொட்டு மழைகூட விழாத ஊரில், வெயிலடிக்கும்போது, ஓடை கரை தொட ஓடியது. அக்கரையில் இரண்டு சின்னதுகளும் நின்று அலறிக்கொண்டிருந்தன. இரண்டுதான்.

அவற்றை முன்னால் ஏற விட்டுவிட்டு, கழற்றிய செருப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு சித்தனா கடைசியாக வந்தாளாம். மணலில் பாதி வந்திருந்தாளாம். அவ்வளவுதான் அதுகளுக்குச் சொல்லத் தெரிந்தது.

ஓடை மறுநாள் காலையில் வடிந்தது. இரண்டு மைல் கீழே வேல முள்ளில் சிக்கியிருந்தாள். ஆண்கள் கயிற்றுக்கட்டிலில் தூக்கி வந்தார்கள். குளிப்பாட்டக் கல்தூமாவே உட்கார்ந்தாள். தலைமுடியில் இருந்த மணலை எத்தனை தண்ணீர் ஊற்றியும் எடுக்க முடியவில்லை, மூன்று பெண்கள் பிரித்துப் பிரித்துக் கழுவினார்கள். மஹாசின் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். அவள் கையிலிருந்து கல்தூமா செம்பை வாங்கினாள், முகத்தைப் பார்க்கவில்லை.

துக்க வீட்டில் மூன்று நாள் பாய் விரித்திருந்தது. வந்தவர்கள் கைகளை ஏந்தி ஃபாத்திஹா ஓதிவிட்டு உட்கார்ந்தார்கள். நோராவும் வந்தாள். கறுப்புத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு பெண்களுக்கு நடுவில் மூன்று நாளும் உட்கார்ந்திருந்தாள். யாராவது தேநீர் கொடுத்தால் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு அழுவாள். இரண்டாம் நாள் சின்னதுகளின் தாய் மஹாசினிடம் சொன்னாள், "அந்தம்மாவ எந்திரிச்சுப் போகச் சொல்லு. கண்ணத் தொடைக்கத் துணி எடுத்துக் குடுக்கவும் நாமதானா." மஹாசின் சொல்லவில்லை. சொல்லவும் அவளுக்கு மொழி கிடையாது.

சுரங்கத்துக்கு லாரிக்காரனிடம் சேதி சொல்லி அனுப்பினார்கள். புருஷன் வரவில்லை. மிச்சக் காட்டை அக்கரைக்காரர்களே விதைத்து முடித்தார்கள்.

ஐந்தாம் நாள் காலையில் தெய்யிப் அடுப்படிக்கு வந்து குந்தினார். நைல் கரைக்காரர். வேலைக்கு வந்த ஊரில் பெண் கட்டி, இங்கேயே பதினான்கு வருஷம் தங்கிவிட்டவர். மகன்கள் இரண்டும் டவுனில் அவர் தம்பி வீட்டில் படித்தார்கள்.

"ஆய்வாளர் வாராரு. ஒரு காகிதம் கொண்டுவாராரு. கையெழுத்துப் போட்டுட்டு வந்துரு."

"என்ன எழுதியிருக்கு?"

"பிள்ளைக தானா வேடிக்கை பாக்க வந்துச்சுக, யாரும் கூப்பிடலன்னு."

மஹாசின் துடுப்பை நிறுத்தாமல் கிண்டினாள். "கல்தூமாக்கா காட்டுக்கு மூணு தடவ நடந்தது நானு."

"அது எனக்குத் தெரியும், ஒனக்குத் தெரியும், கல்தூமாவுக்குத் தெரியும். காகிதத்துக்குத் தெரிய வேணாம்."

"எதுக்கு?"

"அந்தம்மாவ அனுப்புனவுக சட்டத்துல இருக்காம். பெத்தவுக எழுத்துல சம்மதம் குடுக்காமப் பிள்ளைய வச்சுப் பாடம் நடத்தக் கூடாதாம். கூப்பிட்டு வந்தோம்னு ஆச்சுன்னா அவுக மேலிடம் இதோட எல்லாத்தையும் மூடிரும். அந்தம்மாவுக்குப் போன் வந்திருச்சு. வாயத் தெறக்காம வியாழக்கிழமை கெளம்பி வரச் சொல்லிட்டாக. இருபத்துமூணு பேருக்கும் சான்றிதழ் கெடைக்காது. ஹம்தூனு அந்த வயசுல தரையில படுத்து இடுப்பு பிடிச்சுக் கெடக்காரு. ஒனக்கும் கெடைக்காது. பன்னெண்டு வருஷம், மஹாசின்."

"தெரியும்."

"போனவ வரப்போறதில்ல."

"ஆமா. பொய் சொன்னாலும் வரமாட்டா."

தெய்யிப் எழுந்தார். "நீ இப்படிப் பேசுவேன்னுதான் நா ராத்திரி பூரா தூங்கல," என்று சொல்லிவிட்டுப் போனார். களி அடிப்பிடித்துவிட்டது. அன்றைக்கு எல்லோரும் அதையே தின்றார்கள், யாரும் குறை சொல்லவில்லை.

வகுப்பறையில்தான் கூடினார்கள். பாபிகர் கெட்ட மனிதர் இல்லை. பாயில் உட்கார்ந்ததும் ஃபாத்திஹா ஓதினார். பிறகு தோல்பையைத் திறந்து காகிதத்தை எடுத்துத் தெய்யிபிடம் கொடுத்தார். தெய்யிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஆசிரியர்கள் வரிசையாகச் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். நோரா பேச வேண்டும் என்றாள். வலீத் அவள் பக்கத்தில் நின்றுகொண்டான்.

அவள் கொஞ்ச நேரம் பேசினாள். குரல் உடைந்து உடைந்து வந்தது. நெஞ்சில் கைவைத்து ஒரே வாக்கியத்தை இரண்டு தடவை சொன்னாள்.

வலீத் சொன்னான், "இந்த ஊர் துக்கத்துல அவங்களும் பங்கெடுத்துக்கிறாங்களாம். இந்த ஊரை மறக்க மாட்டாங்களாம். எல்லாம் இறைவன் கையில இருக்குன்னு சொல்றாங்க."

மஹாசின் தலையைத் தூக்கினாள். நோரா சொன்ன வாக்கியத்தில் அந்தச் சொல் இருந்தது. மூன்று வாரமாக அவள் அடுப்படியில் முணுமுணுத்த சொல்.

"வலீத் தம்பி," என்றாள். "அவுக அப்படிச் சொல்லல."

"உஸ்தாசா, நான் சரியாத்தான்..."

"கேட்டேன்னு சொன்னாக. நான்தான் கேட்டேன்னு. நெஞ்சத் தொட்டு ரெண்டு தடவ சொன்னாக. எனக்கு அந்த ஒரு வார்த்தை தெரியும் தம்பி."

வலீத் தலையைக் குனிந்துகொண்டான். "அவங்க நல்லதுக்குத்தான் உஸ்தாசா. எல்லார் நல்லதுக்கும்தான்," என்றான் மெதுவாக.

"அதுவும் தெரியும்." மஹாசின் ஆய்வாளர் பக்கம் திரும்பினாள். "பிள்ளைக வேணும்னு அவுக கேட்டாக. நா போயிக் கூட்டிட்டு வந்தேன். கல்தூமாக்கா ரெண்டு தடவ மாட்டேன்னாக. மூணாம் தடவ எம் பேரு பதிவேட்டுல ஏறணும்னு கெஞ்சினேன். கையப் பிடிச்சு வேலிக்குள்ள விடுறேன்னு வாக்குக் குடுத்தேன். மூணாம் நாளு விடல. இத எழுதுங்க, கையெழுத்துப் போடுறேன்."

கூரைப் புல்லில் ஏதோ ஊர்ந்தது.

பாபிகர் காகிதத்தை மடித்தார். "நல்லா யோசிச்சுத்தான் சொல்றியாம்மா? இது ஒன்னோட நிக்கிற விஷயமில்ல. அடுத்த வருஷம் இன்னும் அறுபது வாத்தியாருக்கு நடத்துறதா இருந்தது."

"யோசிச்சா வேற மாதிரிதான் சொல்லத் தோணும் அய்யா. அதான் யோசிக்காமச் சொல்லிட்டேன்."

ஹம்தூன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவளைத் திட்டப் போகிறார் என்று நினைத்தார்கள். அவரோ வாசலில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டு, கழுதையை அவிழ்க்கப் போய்விட்டார். அவருக்குப் பின்னால் ஒருவர் ஒருவராக எழுந்தார்கள். சிலர் அவளுக்கு ஸலாம் சொன்னார்கள். சிலர் சொல்லவில்லை.

வியாழக்கிழமை ஜீப் கிளம்பியது. அச்சடித்த சான்றிதழ்கள் இருந்த அட்டைப்பெட்டி பின்னால் ஏறியது. நோரா இறங்கி வந்து மஹாசினின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். மொழிபெயர்க்க வலீத் அருகில் வரவில்லை, வண்டியிலேயே உட்கார்ந்திருந்தான். பிறகு அவளிடமிருந்து கடிதம் எதுவும் வரவில்லை. எழுதியிருந்தாலும் மழைக்காலத்தில் லாரி வராது.

தெய்யிப் வீட்டில் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். களி எங்கே, தண்ணீர் எங்கே என்பதோடு சரி. ஒருநாள் மட்டும் சொன்னார், "நா கையெழுத்துப் போட்ட பொறவு நீ சொன்னே. ஊருக்கு முன்னால என்னயப் பொய்யன் ஆக்கிட்டே. முன்னாலயே சொல்லியிருந்தா நா போட்டிருக்க மாட்டேன்."

"காலையில அடுப்படியில சொன்னேனே."

"அது சொன்னதா?" என்று கேட்டார். பிறகு அவராகவே, "சொல்லத்தான் செஞ்சே," என்று முணுமுணுத்துவிட்டு வெளியே போனார்.

பள்ளிக்கூடம் திறந்தது. விசாரணை முடியும்வரை மஹாசின் வகுப்புக்குள் போகக் கூடாது என்று அலுவலகத்திலிருந்து ஓலை வந்தது. முதல் இரண்டு வகுப்பையும் தெய்யிபே சேர்த்துப் பார்த்துக்கொண்டார். தட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் பழையபடி கூடச் சேர்ந்து கத்துவது வீட்டுக்குக் கேட்கும். அக்கரையிலிருந்து ஒரு பிள்ளையும் வரவில்லை.

ஆகஸ்ட்டில் ஒருநாள் முன்காலையில் மஹாசின் வாசலில் உட்கார்ந்து வெண்டைக்காயை நறுக்கி உலரப் போட்டுக்கொண்டிருந்தாள். முதல்நாள் மழை இல்லை, ஓடையில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். வேலிப்படலை விலக்கிக்கொண்டு கல்தூமா வந்தாள். காலில் ஈரமண் ஒட்டியிருந்தது. சாவுக்குப் பிறகு அவள் இந்தப் பக்கம் வருவது அதுதான் முதல் தடவை.

மஹாசின் எழுந்தாள். கல்தூமா தானாகவே பாயின் ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு வெண்டைக்காயை எடுத்து நறுக்கத் தொடங்கினாள். கூடை பாதியாகும்வரை இரண்டு பேரும் நறுக்கினார்கள்.

"ஆபீசருக்கு முன்னால உள்ளதச் சொன்னியாமே. கேள்விப்பட்டேன்."

"ஆமாக்கா."

"அதுக்காக நா வரல."

"சரிக்கா."

"ஒன்னய மன்னிச்சேன்னு சொல்லவும் வரல. அது என்னால ஆகாது."

மஹாசின் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அன்னிக்கு உள்ள என்ன நடந்துச்சு?" கல்தூமா கேட்டாள். "எம் புள்ள ஏதோ சொன்னா, எல்லாரும் கை தட்டுனாகன்னு ஊருல பேசுறாக. அந்த ரெண்டு சின்னக் கழுதைகளுக்கும் ஒன்னும் வெளங்கச் சொல்லத் தெரியல. நீ சொல்லு."

மஹாசின் சொல்லத் தொடங்கினாள். "தண்ணிக் கணக்குக்கா. ஒரு வீட்டுக்கு ஒரு நாளைக்கு எத்தன கேன் தண்ணி வேணும், கழுதை எத்தன நட போகணும்னு கேட்டேன். ஒரு பய மூணுன்னான். இன்னொருத்தி அஞ்சுன்னா. ஒம்மக கையத் தூக்குனா."

"எந்தக் கைய?"

மஹாசின் யோசித்தாள். "எடது கைய. சோத்துக் கையில சின்னவளப் பிடிச்சிருந்தா."

"ம்."

"எந்திரிச்சு, 'உஸ்தாசா, மொதல்ல விருந்தாளி வாராகளா இல்லையான்னு சொல்லுங்க. அது தெரியாமக் கணக்கு வராது'ன்னா. ஆய்வாளரு சத்தமாச் சிரிச்சுட்டாரு. அவ சிரிக்கல. 'ரெண்டு பேரு வந்தா ரெண்டு கேனு கூட. அவுக குளிப்பாக, தொழுகைக்கு ஒளுச் செய்வாக. அவுக கழுதைக்கும் வைக்கணும். விருந்தாளி கழுதைதான் ரொம்பக் குடிக்கும், அதுக்கு வெக்கம் கெடையாது'ன்னா."

கல்தூமாவின் முகத்தில் ஏதோ அசைந்தது. "அது எங்க மாமன் கழுதை. போன நோன்பு மாசம் வந்துச்சு. ஒரு பானையக் காலி பண்ணிருச்சு. நா வஞ்சேன். அதக் கேட்டுக்கிட்டு இருந்திருக்கா."

"வலீத் தம்பி அத எடுத்துச் சொன்னதும் நோராம்மா நோட்டுல எழுதிக்கிட்டாக. பொறவு எல்லாரும் கை தட்டுனாக. அவ வெக்கப்பட்டு மூஞ்சிய மூடிக்கிட்டா."

"முந்தானையாலயா, கையாலயா?"

"கையால. வெரலுக்கு நடுவுல பாத்துக்கிட்டிருந்தா."

"ம். அப்படித்தான் செய்வா." கல்தூமா ஒரு வெண்டைக்காயை உருட்டிக்கொண்டிருந்தாள். "பொறவு?"

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆய்வாளருக்கு முன்னால்கூட மஹாசின் அதைச் சொன்னதில்லை. புருஷனிடமும் சொன்னதில்லை.

"பொறவு வாசல்ல வந்து நின்னு, 'போவமா'ன்னு கேட்டா."

கல்தூமா நிமிர்ந்து பார்த்தாள்.

"எல்லாரும் என்னயப் பத்தி நல்லதாச் சொல்லிக்கிட்டிருந்தாகக்கா. அதுவரைக்கும் என்னய யாரும் அப்படிச் சொன்னதில்ல. மிச்சத்தையும் கேக்கணும்னு ஆசையா இருந்துச்சு. வேற ஒரு வேலையும் இல்ல எனக்கு. 'நீங்க முன்னால போங்க, நா பின்னாலயே வாரேன்'னு சொல்லிட்டேன்."

"எம்புட்டு நேரம் இருந்தே?"

"கால் மணி நேரம்."

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எழுத்துக்களைக் கத்திக்கொண்டிருந்தார்கள். கல்தூமா கையிலிருந்த காயை நறுக்கி முடித்தாள். துண்டுகளைப் பாயில் பரப்பினாள். எழுந்து துணியை உதறிக்கொண்டு படல்வரை போனாள். அங்கே நின்றாள், திரும்பவில்லை.

"நாளைக்கு வாரேன். மறுபடி சொல்லு."

"சரிக்கா."

"எல்லாத்தையும் சொல்லணும். கடைசி வரைக்கும்."

மறுநாள் வந்தாள். மஹாசின் தண்ணீர்க் கணக்கிலிருந்து தொடங்கினாள். இடது கையைத் தூக்கியதையும், கழுதைக்கு வெட்கம் இல்லாததையும், விரலுக்கு நடுவில் பார்த்ததையும் சொன்னாள். 'முன்னால போங்க' என்று தான் சொன்னதையும் சொன்னாள். கல்தூமா கேட்டுவிட்டு எழுந்து போனாள். ஓடையில் தண்ணீர் வராத நாளெல்லாம் வந்தாள். மழை ஓய்ந்து அறுப்புத் தொடங்கும்வரை அப்படித்தான் நடந்தது. ஒருநாள்கூட மஹாசின் அந்தக் கடைசி வரியை விடவில்லை, கல்தூமாவும் அதற்கு முன்னால் எழுந்ததில்லை.